சூய்க்கா கேமில் தர்பூசணி வரை போக ஒரு வழி

ஜப்பானின் 'சூய்க்கா கேம்' 2021-இல் நிண்டெண்டோ ஸ்விட்ச் என்ற வீடியோ கேம் கருவிக்கு வந்தது. பெட்டிக்குள் பழங்களைப் போட வேண்டும். ஒரே வகைப் பழம் இரண்டு தொட்டால் அடுத்த பெரிய பழமாகிவிடும், அவ்வளவுதான். ஆனால் ஆரம்பித்தால் கீழே வைக்க மனசே வராது!

செர்ரி முதல் தர்பூசணி வரை மொத்தம் 11 பழங்கள். கைக்கு வருவது முதல் ஐந்து சின்னப் பழங்கள் மட்டும்தான். அதனால் பெரியவற்றை ஒரு மூலையில் ஒதுக்கி, அங்கிருந்து அளவு குறைந்துகொண்டே போகிற மாதிரி அடுக்குங்கள். பெரிய பழத்துக்கு அடியில் ஒற்றைச் செர்ரி சிக்கிவிட்டால் அதை மீட்பது பெரும்பாடு. அப்புறம், அவசரமே வேண்டாம்: இதில் நேரக் கணக்கு கிடையாது. பழங்கள் உருண்டு அடங்கட்டும், ஓரத்தில் தெரியும் அடுத்த பழத்தையும் பார்த்துவிட்டுப் போடுங்கள்.