குளிர்காலத்தில் பூக்கும் குட்டைக் காமெலியா: நடவு முதல் பூ வரை

நவம்பரில் மற்ற மரங்களெல்லாம் இலை கொட்டி நிற்கும்போது, சசாங்குவா காமெலியா என்ற பூச்செடி மட்டும் பச்சை மாறாமல் பூத்துக் குலுங்கும். ஜப்பானின் தென்பகுதிதான் இதன் தாயகம். நாம் குடிக்கும் தேயிலையும் இதே பேரினம்தான். நான் இதை அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துச் செங்களிமண்ணில் வளர்க்கிறேன். கீழே சொல்வதெல்லாம் அந்த மண்ணையும் பருவத்தையும் வைத்துத்தான்.

1. ரகம். இடம் குறைவு என்றால் ‘ஷிஷிகஷிரா’ வாங்குங்கள். ஜப்பானிய மொழியில் ‘சிங்கத் தலை’ என்று பொருள். 4, 5 அடியில் அடக்கமாக நிற்கும். ரோஜா நிறப் பூ. ‘யூல்டைட்’ ரகத்தின் சிவப்புப் பூவும் நடுவில் மஞ்சள் மகரந்தமும் கிறிஸ்துமஸ் சமயத்தில் கொள்ளை அழகு. ஆனால் அது 8 அடிக்கும் வளரும்.

2. இடம். காலை வெயில், மதியத்துக்கு மேல் நிழல். புளிப்பு (அமில) மண் வேண்டும், அதைக் காட்டும் பி.எச். அளவு 5.5 முதல் 6.5 வரை இருந்தால் சரி.

3. நடவு. அவசரப்படக் கூடாத வேலை இதுதான். என் முதல் செடியை ஆழக் குழி தோண்டி வைத்தேன். களிமண்ணில் அந்தக் குழி தொட்டி மாதிரி நீரைத் தேக்கிக்கொள்ள, வேர் அழுகிச் செத்துப்போனது. இன்றும் மனசு ஆறவில்லை. ஆகவே குழி, வேர்க்கட்டியைப் (வேரோடு ஒட்டியிருக்கும் மண்கட்டி) போல இரண்டு மடங்கு அகலம் இருக்கட்டும். ஆழம் மட்டும் கட்டியின் உயரத்தைத் தாண்டவே கூடாது. கட்டியின் மேற்பகுதி தரையைவிட 1, 2 அங்குலம் மேலே தெரிய வேண்டும். பக்கங்களில் மண்ணைச் சரிவாக அணையுங்கள். அப்புறம் பைன் ஊசியிலைகளை 2, 3 அங்குலத்துக்கு மூடாக்காகப் பரப்புங்கள், தண்டைத் தொடாமல். இங்கே இலையுதிர்காலம்தான் நடவுக்கு ஏற்றது.

4. தண்ணீர். குளிர்காலப் பூவுக்கான மொட்டு கோடையிலேயே உருவாகிவிடும். அப்போது வேர் காய்ந்தால் மொட்டு விரியாமலே உதிரும். விரலை மண்ணுக்குள் 2 அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் இல்லையென்றால் நிதானமாக, ஆழமாக ஊற்றுங்கள். முதல் இரண்டு கோடையிலும் இதை விடவே கூடாது.

5. உரம், கவாத்து. பூ முடிந்ததும் கவாத்து. கோடையில் வெட்டினால் மொட்டும் சேர்ந்து போய்விடும். வசந்தத்தில் புளிப்பு மண் செடிகளுக்கான உரம், கொஞ்சமாக.

6. பூச்சி. இலையின் மேல்பக்கம் மஞ்சள் புள்ளி தெரிந்தால் உடனே திருப்பிப் பாருங்கள். அடியில் பஞ்சு போல வெள்ளையாக ஒட்டியிருந்தால் அது செதில் பூச்சி. வெயில் ஏறாத நேரத்தில் தோட்டக்கலை எண்ணெயை (செடிப் பூச்சிகளுக்கென்று விற்கும் எண்ணெய்) நீரில் கலந்து, இலையின் அடிப்பக்கம் நன்றாக நனையும்படி தெளியுங்கள்.