ஆச்சியின் டிரங்குப் பெட்டி: பழைய பட்டுப்புடவையை இனம் கண்டு மதிப்புப் போடுவது எப்படி?

ஆச்சியின் பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து ஒரு வாரம் கழித்து டிரங்குப் பெட்டிச் சாவி என் கைக்கு வந்தது. உள்ளே பத்தொன்பது புடவைகள். அடுத்த மாதமே, "பழைய பட்டுப்புடவை வாங்குறது" என்று ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருவில் வந்த ஒரு வியாபாரி, கறுத்திருந்த ஜரிகையைக் காட்டி, "இது செம்பும்மா, வெள்ளியே கிடையாது" என்று சொல்லி, கத்திரிப்பூ நிறப் புடவை ஒன்றை 1,200 ரூபாய்க்கு எடுத்துப் போனார். அப்படிப் போகிற புடவைகளை எரித்து, சாம்பலை உருக்கி வெள்ளி எடுப்பார்கள். எது போனது என்று புரிந்தபோது நாள் கடந்துவிட்டது. மீதிப் பதினெட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான் இந்தப் பதிவு. உங்கள் வீட்டுப் பெட்டி எடைக்குப் போவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில் சாமான்கள். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ், சமையலறை டிஜிட்டல் தராசு, தையல் டேப், பழைய வெள்ளை வேட்டி இரண்டு. செல்போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்க்கலாமே என்பீர்கள். நான் பார்த்தேன், இழையின் நிறம் பொய்யாகத் தெரிகிறது. லென்ஸ்தான் வாங்குங்கள். அடையாளத்துக்குச் சேஃப்டி பின் குத்தவே வேண்டாம், துருக்கறை ஏறினால் போகாது. சின்னத் துணித்துண்டில் பென்சிலால் எண் எழுதி, பருத்தி நூலால் ஓரத்தில் ஒரு தையல் போட்டால் போதும்.

1. விரிப்பது

வேட்டியைத் தரையில் விரித்து அதன்மேல் புடவையைப் பிரியுங்கள். உதறக் கூடாது. பல வருஷம் ஒரே மடிப்பில் கிடந்த பட்டு, மடிப்புக் கோட்டில் இத்துப் போயிருக்கும், உதறினால் கோடு நெடுகக் கிழியும். நீளம், அகலம், எடை, கறை, கிழிசல் எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். ஆறு கஜம் என்றால் ஏறக்குறைய ஐந்தரை மீட்டர், ஒன்பது கஜம் எட்டே கால்.

2. பட்டுதானா?

முந்தி ஓரத்து நூல் ஒன்றை உருவிக் கொளுத்துங்கள். முடி கருகும் நாற்றமும் நசுக்கினால் பொடியாகும் கரியும் வந்தால் பட்டு. காகித வாசனை வந்தால் பருத்தி அல்லது ரேயான். உருகி உருண்டையானால் பாலியஸ்டர். பாவு நூல் (நீளவாக்கில் ஓடுவது) ஒன்று, ஊடை நூல் (குறுக்கே ஓடுவது) ஒன்று என்று இரண்டையும் தனித்தனியே கொளுத்திப் பார்க்க வேண்டும். அசல் பட்டு என்று காட்டும் சில்க் மார்க் முத்திரையைத் தேடாதீர்கள், அந்தத் திட்டமே 2004-ல்தான் வந்தது.

3. கோர்வை

புடவையைப் பின்பக்கம் திருப்பி, உடலும் பார்டரும் சேரும் இடத்தில் விரலை ஓட்டுங்கள். மெல்லிய தையல் போல ஒரு மேடு தட்டுப்படும். லென்ஸில் பார்த்தால், உடலின் ஊடை நூலும் பார்டரின் ஊடை நூலும் விரலோடு விரல் கோத்ததுபோல ஒன்றையொன்று பிடித்துத் திரும்பியிருக்கும். அதுதான் கோர்வை. உடலுக்கு ஒரு நாடா (ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகும் தறிக் கருவி), இரண்டு பார்டருக்கும் ஆளுக்கொரு நாடா என்று மூன்று நாடா ஓட்டி, பக்கத்தில் ஓர் ஆளும் உட்கார்ந்து நெய்கிற வேலை. கோர்வை இல்லாத புடவையில் உடலின் ஊடை நூல் பார்டருக்குள்ளும் ஓடும், அதனால் பார்டர் நிறத்தில் உடலின் நிறம் கலந்து தெரியும். ஆச்சியின் மாந்துளிர் புடவையில் அரக்கு பார்டர் ஒரு பொட்டு மாந்துளிர் கலக்காமல் நிற்கிறது.

அடுத்து முந்தி. முந்திக்கு வேறு நிறம் என்றால், சேரும் இடத்தில் சில அங்குலத்துக்குத் துணி கொஞ்சம் முரடாக, கோடு விழுந்ததுபோல இருக்கும். பாவு நூலையே நிறம் மாற்றி, இழை இழையாகக் கோத்த இடம் அது. பேட்னி என்பார்கள். நான் அதை நெசவுக் குறை என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். காஞ்சிபுரத்தில் தறி வைத்திருக்கும் ஒரு பெரியவர் அந்த வரியைப் பார்த்துவிட்டு, "அம்மா, இதுக்குத்தான் விலையே" என்றார்.

உரு, கட்டம் எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு: தாழம்பூ ரேக்கு, ருத்திராட்சம், மயில்கண், இருதலைப்பட்சி, வைரஊசி, கொட்டடி. வீட்டுப் பெரியவர்களிடம் புடவையைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள், பெயர் தானாக வரும். அத்தை ஒரு புடவையை மடியில் போட்டதுமே, "இதைத்தான் ஆச்சி மறுவீட்டுக்குக் கட்டிக்கிட்டுப் போனாக" என்றாள். அதையும் நோட்டில் எழுதுங்கள்.

4. ஜரிகை (நான் தடுக்கி விழுந்த இடம்)

அசல் ஜரிகை என்பது பட்டு நூலின்மேல் வெள்ளித் தகட்டிழையைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசியது. டெஸ்டட் ஜரிகை என்றால் செம்புக் கம்பி. சுரண்டினால் உள்ளே சிவப்பு நூல் தெரிந்தால் அசல், வெள்ளை தெரிந்தால் போலி என்று எல்லோரும் சொல்வார்கள். இதை மட்டும் நம்பாதீர்கள், போலி ஜரிகைக்கும் நூலைச் சிவப்புச் சாயத்தில் முக்கி விடுகிறார்கள்.

கறுப்பைப் பற்றி ஒரு விஷயம். முலாம் தேய்ந்த இடத்தில் வெள்ளி காற்றுப் பட்டுச் சாம்பல் கலந்த கறுப்பாகும், குத்துவிளக்கு மாடத்து வெள்ளிக் கிண்ணம் கறுப்பதுபோல. செம்பு என்றால் முதலில் சிவந்து, பிறகு பழுப்பாகி, வேர்வை பட்ட இடத்தில் பச்சை பூக்கும். என்னிடம் வியாபாரி காட்டியது முதல் வகைக் கறுப்பு.

சந்தேகம் தீர வேண்டுமானால் நகைக்கடைகளில் உலோகத்தின் தரம் பார்க்க இருக்கும் கேரட் மீட்டரில் பார்டரை வைத்துப் பார்க்கலாம். துணியை வெட்ட வேண்டியதில்லை. ஆனால் அது காட்டும் எண்ணை அப்படியே எடுத்துக் கணக்குப் போடக் கூடாது. எனக்கு வெள்ளி 75 சதவீதம் என்று காட்டியது. மொத்த ஜரிகை எடையில் முக்கால்வாசி வெள்ளி என்று எழுதிக்கொண்டேன். தப்பு. அந்த இயந்திரத்துக்கு உலோகம் மட்டும்தான் தெரியும், உள்ளே இருக்கும் பட்டு நூல் கணக்கில் வராது. காஞ்சிபுரத்தில் நல்ல ஜரிகைக்குச் சொல்லும் அளவு வெள்ளி 57 சதவீதம், தங்கம் 0.6 சதவீதம். மீதி பட்டும் செம்பும். பட்டு ஏறக்குறைய கால்வாசி என்று வைத்தால், அதைக் கழித்தபின் 57 என்பது இயந்திரத்தில் 75 ஆகத்தான் தெரியும். ஆகவே அங்கே வரும் எண்ணை முக்காலால் பெருக்குங்கள்.

5. வயது

புடவையில் தேதி இருக்காது. பெட்டியில் கூடக் கிடக்கும் கடைப்பை, அட்டைப்பெட்டி, ரசீது இவற்றில் இருக்கும். விலை அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தியது என்று பெரும்பாலும் கொள்ளலாம். முகவரியில் சென்னை ராஜ்யம் என்று இருந்தால் 1969-க்கு முன். ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். எழுத்தையும் பாருங்கள்: பழைய தும்பிக்கை போட்ட லை, னை இல்லாமல் இப்போதைய எழுத்து இருந்தால் 1978 சீர்திருத்தத்துக்குப் பின் அச்சான பையாக இருக்கும். தும்பிக்கை இருந்தால் மட்டும் பழசு என்று முடிவு கட்ட முடியாது, பல கடைகள் பழைய அச்சையே வெகுநாள் வைத்திருந்தன.

பையும் புடவையும் ஜோடி மாறியிருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். கல்யாண ஆல்பத்தை எடுத்து, கறுப்பு வெள்ளைப் படத்தில் தெரியும் பார்டர் உருவோடு ஒப்பிடுங்கள். நிறம் தெரியாவிட்டாலும் ரேக்கு தெரியும். எனக்கு மூன்று புடவைகள் அப்படித்தான் உறுதியாயின.

6. விலை

ஒரு புடவைக்கு மூன்று விலை உண்டு. உருக்கு விலை (ஜரிகையை உருக்கினால் வரும் வெள்ளியின் விலை), மறுபடி கட்டுகிறவர் தரும் விலை, அதே புடவையை இன்று நெய்ய ஆகும் விலை.

உருக்கு விலையை வீட்டிலேயே போடலாம். ஆச்சியின் அரக்குப் புடவை 910 கிராம். அதே நீளத்தில், துணியும் கிட்டத்தட்ட அதே தடிப்பில், ஜரிகை ஒரு கோடு மட்டும் ஓடுகிற மாம்பழ நிறப் புடவை 520. வித்தியாசம் 390 கிராம் ஜரிகை என்று வைத்து, அதில் 57 சதவீதம் எடுத்தால் 222 கிராம் வெள்ளி. அன்றைய வெள்ளி விலையால் பெருக்குங்கள். தேய்மானத்துக்கும் உருக்குக் கூலிக்கும் கழிக்கட்டும், ஆனாலும் அது 1,200 ரூபாயைவிட வெகு அதிகமாகத்தான் இருக்கும். இது தோராயம்தான். பேரம் பேச வருகிறவரிடம் ஏமாறாமல் இருக்க இது போதும்.

இந்த விலைக்குக் கீழே எந்தப் புடவையும் போகக் கூடாது. கோர்வையும் பேட்னியும் உள்ள, இத்துப் போகாத புடவையை இந்த விலைக்கும் கொடுக்காதீர்கள். மூன்றாவது விலையைத் தெரிந்துகொள்ள, கைத்தறி நெசவாளர் ஒருவரிடம் படம், எடை, இழை விவரத்தைக் காட்டி, "இதே மாதிரி நெய்ய என்ன ஆகும்?" என்று கேளுங்கள். காஞ்சிபுரத்தில் ஜரிகையை மார்க் கணக்கில் சொல்வார்கள், ஒரு மார்க் ஏறக்குறைய 242 கிராம். நான் மூன்று பேரிடம் கேட்டேன், மூன்று தொகையும் உருக்கு விலையைவிடப் பல மடங்கு. இத்துப்போன புடவையில்கூட பார்டர் நன்றாக இருந்தால், அதை எடுத்துப் புதுப் பட்டில் வைத்துத் தைக்கலாம்.

பின்சேர்க்கை

பதிவைப் படித்துவிட்டுப் பலர் கேட்டது: கறுத்த ஜரிகையைப் புளி, பல்பொடி போட்டுத் தேய்க்கலாமா? கூடாது. கறுப்போடு மிச்சமிருக்கும் முலாமும் போகும், பட்டும் சாயம் விடும். பாச்சா உருண்டையும் ஜரிகைமேல் படக் கூடாது. வேட்டித் துணியில் சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வையுங்கள்.

இன்னொருவர் தன் புடவையில் கோர்வை மேடே தட்டவில்லை, அப்படியானால் மதிப்பில்லையா என்று கேட்டிருந்தார். ஒரே நிறத்தில் உடலும் பார்டரும் உள்ள புடவைக்குக் கோர்வை தேவையே இல்லை. படம் அனுப்பியிருந்தார், உடல் முழுக்க வைரஊசி, அதாவது மெல்லிய ஜரிகைக் கோடுகள். ஜரிகையைக் கேரட் மீட்டரில் வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.