கள்ளு குடித்தால் மறுநாள் காலையில் பிரஷர் பாருங்கள்

பரந்தனில் அரிவு வெட்டு முடிந்த அன்று இரண்டு போத்தல் கள்ளு குடித்துவிட்டு, அந்த இரவே பிரஷர் பார்த்து எனக்கு ஒன்றுமில்லை என்று நம்பியவன் நான். அது பிழை. நிறையக் குடித்தால் முதல் 12 மணி நேரம் பிரஷர் இறங்கித்தான் காட்டும். ஏறுவது அதற்குப் பிறகு. வருத்தமில்லாத உடம்பிலும் அப்படித்தான்.

ஆகவே மறுநாள் காலை, தேத்தண்ணிக்கு முன்னம், சலம் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து 5 நிமிடம் பேசாமல் இருங்கள். கால்கள் நிலத்தில், கை மேசையில், கையில் சுற்றும் பிரஷர் பட்டி நெஞ்சு உயரத்தில். ஒரு நிமிடம் விட்டு இரண்டு தரம் பார்க்கவேண்டும். என் மனைவி பால் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிவைப்பா.

சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் நின்றால் டொக்டரிடம் காட்டுங்கள். வருடக்கணக்காய் அப்படி நின்றால் இரத்தக்குழாய்ச் சுவர் தடித்து விறைத்துப்போகும். சரி, 4 வாரம் கள்ளை விட்டுவிட்டு மறுபடி எழுதிப் பாருங்கள். எனக்கு மேல் எண் 146இலிருந்து 134க்கு வந்தது.