அப்பாரு காலத்துத் தோக்குக்கு லைனர் போடுவது: முதல்முறை செய்பவர்களுக்கு

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தோட்டத்துச் சாளைகளில் (வீடுகளில்) இன்னும் சிலவற்றில், குழல்வாய் வழியே வெடிமருந்தைப் போட்டுக் கோலால் கிட்டித்து, அதாவது இடித்து இறுக்கி, சுடும் பழைய ஒற்றைக்குழல் தோக்கு (துப்பாக்கி) இருக்கிறது. லைசென்ஸில் எஸ்.பி.எம்.எல். (சிங்கிள் பேரல் மஸில் லோடிங்) என்று எழுதியிருக்கும். எங்கள் அப்பாரு (தாத்தா) வைத்திருந்த தோக்கு இப்போது என் பெயரில் இருக்கிறது. கட்டையும், விசையை இழுத்தால் வந்து அடிக்கும் குதிரையும் நன்றாக இருந்தன, குழலின் உள்பக்கம்தான் துரு தின்றிருந்தது. அதற்கு லைனர் போட்டு வாங்கிய அனுபவத்தில், முதல்முறை செய்பவருக்குத் தேவையானதை எல்லாம் எழுதுகிறேன்.

பம்புசெட் டீசல் எஞ்சினில் சிலிண்டர் தேய்ந்தால் லைனர் மாற்றுகிறோம் இல்லையா, கிட்டத்தட்ட அதேதான். பழைய குழலின் உள்பக்கத்தைக் குடைந்து பெரிதாக்கி, அதற்குள் புது எஃகுக் குழாய் ஒன்றை இறக்கி ஒட்டிவிடுவார்கள். வெளியே பார்த்தால் அதே பழைய தோக்கு. வெடி தாங்குவதில் பெரும் பங்கு உள்ளே இருக்கும் புதுக் குழாயுடையது.

முதலில், உள்ளே மருந்து இருக்கிறதா என்று பாருங்கள்

இதை அவசரப்படாமல் படியுங்கள். பரணில் கிடந்த பழைய தோக்குகளில் மருந்து கிட்டித்தபடியே விட்டவை நிறைய உண்டு. கரிமருந்து ஈரம் படாமல் இருந்தால் எத்தனை வருடம் ஆனாலும் வெடிக்கும்.

குழல்வாயை ஆளில்லாத பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். முகத்தையும் நெஞ்சையும் வாய்க்கு நேரே கொண்டுபோக வேண்டாம். குதிரைக்கு அடியில் கேப் (குதிரை அடித்ததும் நெருப்புத் தரும் சின்ன மூடி) ஏதும் மாட்டியிருந்தால், மேற்கொண்டு தொடாமல் அப்படியே வைத்துவிட்டுத் தோக்குப் பட்டறைக்காரரைக் கூப்பிடுங்கள். இல்லையென்றால் கிட்டிக்கோலைப் பக்கவாட்டில் நின்று மெதுவாக உள்ளே விடுங்கள். அது நின்ற இடத்தில், வாய் விளிம்புக்கு நேராகக் கோலில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். கோலை எடுத்துக் குழலின் வெளியே, கோடு வாய் விளிம்பில் இருக்கும்படி வைத்துப் பாருங்கள். கோலின் நுனி பற்றுவாய் வரை, அதாவது கேப்பின் நெருப்பு உள்ளே போகும் துளை வரை எட்டினால் குழல் காலி. எட்டவில்லை என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது.

எங்கள் தோக்கில் கோல் நாலு விரல் முன்னாலேயே நின்றது. அப்பாரு காலமாகிப் பல வருடம் ஆகியிருந்தது. அவர் கடைசியாகக் கிட்டித்தது அப்படியே உள்ளே இருந்திருக்கிறது. பட்டறைக்காரர் தண்ணீர் ஊற்றி ஊற வைத்துத் திருகுமுனைக் கோலால் வெளியே எடுத்தார். முதலில் உருண்டையாய்ச் சுருட்டிய தேங்காய் நார், அப்புறம் வெள்ளை பூத்த ஈயக் குண்டுகள், மறுபடி நார், கடைசியில் கறுப்புச் சேறாய் மருந்து. அந்த நாரை அப்பாரு தன் விரலால் சுருட்டியிருப்பார் என்று நினைத்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீங்களே குத்தி எடுக்க முயலாதீர்கள், சூடு காட்டவே கூடாது.

காகிதங்கள்

தோக்கு இறந்தவர் பெயரில் இருந்தால் முதலில் வாரிசாக உங்கள் பெயருக்கு லைசென்ஸ் வாங்குங்கள். எங்களுக்குக் கலெக்டர் அலுவலகம் இருக்கும் பாலக்காடு சிவில் ஸ்டேஷன்தான். ‘பழைய பொருள்தானே’ என்று பலர் நினைக்கிறார்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்குவது, ரிப்பேர் செய்தாலும் சுட முடியாத பழம்பொருளைத்தான். லைனர் போட்டால் சுடும் என்றால் லைசென்ஸ் வேண்டும்.

அதே சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி தோக்கை ரிப்பேர் செய்பவருக்கும் தனி லைசென்ஸ் வேண்டும். லேத் பட்டறை நண்பர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் அவரிடம் கொடுக்காதீர்கள். அவரும் மாட்டுவார், நீங்களும் மாட்டுவீர்கள்.

எல்லையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. லைசென்ஸ் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும். கேரளம் மட்டும் என்றிருந்தால், கோயம்புத்தூர்ப் பட்டறைக்குக் கொண்டுபோக வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டுவதே குற்றமாகிவிடும். தினமும் காய்கறி வாங்கத் தாண்டும் கோடு என்பதால் இது நமக்கு மறந்துபோகிறது. முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்.

அமெரிக்காவில் 1898 வரை செய்த தோக்குகளைக் கூட்டரசுச் சட்டம் பழம்பொருளாகவே பார்ப்பதால், அங்கே குழலை மட்டும் பார்சலில் அனுப்பி லைனர் போட்டு வாங்குகிறார்கள். அதைப் படித்துவிட்டு இங்கிருந்து அனுப்ப ஆசைப்பட வேண்டாம். நூறு வருடம் தாண்டிய பழம்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடை விதிக்கிறது.

லைனர் தேவையா என்று முடிவு செய்வது

குடைந்த இரும்பு திரும்பி வராது. அதனால் முதலில் சுத்தம் செய்து பாருங்கள். காலியான குழலில் சோப்பும் வெந்நீரும் விட்டு, பித்தளைப் பிரஷ் ஓட்டி, துணியால் துடைத்துக் காய வையுங்கள். பிறகு சின்ன எல்.இ.டி. விளக்கை நூலில் கட்டி உள்ளே இறக்குங்கள். மேலாகப் படிந்த துரு என்றால் தேய்த்து மெருகேற்றினாலே போதும். எங்கள் குழலில் அடிப்பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு அம்மைத் தழும்பு போலக் குழிகள். மருந்து எரிந்த கரி ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும், அழுத்தமும் அங்கேதான் அதிகம். அங்கே குழி விழுந்த குழலை அப்படியே சுடக் கூடாது.

வெளிச்சுவர் மெலிந்திருந்தாலோ, விரிசல் இருந்தாலோ, அரிய தோக்காக இருந்தாலோ என் கருத்து ஒன்றுதான்: தொடாமல் சுவரில் மாட்டுங்கள்.

பட்டறையில்

பின்பக்கத்தை மரை போட்டு அடைத்திருக்கும் பிரீச் பிளக்கை முதலில் கழற்றுவார்கள். துருப்பிடித்து இறுகியிருந்தால் எண்ணெயில் நாள்கணக்கில் ஊற வேண்டியிருக்கும், அவசரப்படுத்தாதீர்கள். அடுத்து சுவர் கனத்தைச் சுற்றிலும் அளப்பார்கள். அந்தக் காலத்தில் இரும்புப் பட்டையைக் கம்பியில் சுற்றிக் காய்ச்சி அடித்துச் செய்த குழல்கள் இவை, துளை நட்டநடுவில் இருக்கும் என்று சொல்ல முடியாது. எங்களுடையது 12 போர், அதாவது ஒரு பவுண்டு ஈயத்தில் 12 குண்டு வார்த்தால் ஒரு குண்டின் அளவு, சுமார் 18.5 மி.மீ. ஒரு பக்கம் சுவர் குறைவாக இருந்ததால் நிறையக் குடைய முடியவில்லை. லைனர் இறக்கிய பிறகு 20 போர் ஆனது, சுமார் 15.6 மி.மீ.

வேலை கொடுக்கும் முன் இவற்றைக் கேட்டுத் தாளில் எழுதி வாங்குங்கள்: லைனர் என்ன எஃகு, பிரீச் பிளக் வரை முழுக்கப் போகிறதா, அதை ஒட்டுவது ஈயப்பற்றிலா பசையிலா, பற்றுவாயைப் புதுக் குழாயில் எப்படித் திறப்பார்கள், சோதனைச் சூடு, அதாவது முதலில் சுட்டுப் பார்ப்பது, யார் செய்வார்கள். பாதி நீளத்துக்கு மட்டும் லைனர் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இணையும் இடத்தில் நெருப்பு அணையாத துண்டு தங்கினால் அடுத்த மருந்து கிட்டிக்கும்போதே தீப்பிடிக்கும். உள்ளே மழமழவென்று இருக்கும் குழலுக்குச் சுருள் வரி வெட்டிய லைனரும் கேட்காதீர்கள், அது ரைஃபிள் ஆகிவிடும், லைசென்ஸுக்குப் பொருந்தாது. போர் அளவு மாறினாலும் லைசென்ஸ் அலுவலகத்தில் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

சோதனைச் சூட்டை, தோக்கை ஒரு சட்டகத்தில் கட்டி, தூரத்தில் மறைந்து நின்று கயிற்றால் இழுத்துச் செய்வார்கள். முன்னும் பின்னும் குழலை அளந்து ஒப்பிட வேண்டும். இதைச் செய்யாத தோக்கை வாங்கி வராதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

கரிமருந்து மட்டும்தான். புகையில்லா மருந்தை லைனர் போட்ட பழைய குழலிலும் போடக் கூடாது. சுட்ட அன்றே வெந்நீரில் கழுவுங்கள். கொதிநீருக்கு ஈயப்பற்று இளகாது, அடுப்பு நெருப்பில் காய வைத்தால்தான் இளகும். பன்றி தொல்லைக்குச் சுடுவதற்கு லைசென்ஸ் மட்டும் போதாது, அதற்கு அதிகாரம் உள்ளவரின் தனி உத்தரவும் வேண்டும்.

கடைசியாகக் கிட்டிக்கோல். துளை சிறுத்துவிட்டதால் பழைய கோலின் தலை உள்ளே நுழையாது. பட்டறையில் அதைக் கடைந்து சிறிதாக்கட்டுமா என்று கேட்டார்கள், நான் வேண்டாம் என்றேன். புதிய கோல் ஒன்று செய்து, காலிக் குழலில் இறக்கி, வாய் விளிம்புக்கு நேராகக் கத்தியால் ஒரு வரி கீறி வைத்திருக்கிறேன். தோக்கைக் கையில் எடுக்கும்போதெல்லாம் முதலில் அந்த வரியைத்தான் பார்க்கிறேன்.