புது பஸ் விட்டாச்சு, ஊருக்குத் தெரியணுமே!

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் புதுசாக ஒரு பஸ் விட்டால் முதலில் காலியாகத்தான் ஓடும். பாதிக் குற்றம் நோட்டீஸில். புறப்படும் இடத்து நேரத்தை மட்டும் அச்சடித்து எல்லா நிறுத்தத்திலும் அதையே ஒட்டுவார்கள். நடுவழியில் நிற்பவருக்கு அது எதற்கு? அந்தந்த நிறுத்தத்துக்கு வண்டி வரும் நேரத்தைத் தனியாகப் போடுங்கள். திரும்பி வரும் நேரமும் கடைசி வண்டியும் கட்டாயம். திரும்ப வழி தெரியாமல் யாரும் ஏறமாட்டார்கள். ஞாயிறு ஓடாதென்றால் அதையும் பெரிதாகவே எழுதுங்கள்.

ஊர்ப்பெயர் தமிழிலும் மலையாளத்திலும் இருக்கட்டும். சித்தூர் என்று மட்டும் போட்டால் போதாது, எந்த வழியாக என்பதும் வேண்டும். ஏ4 தாள் போதும், கண் மட்டத்தில் கட்டுங்கள். இங்க்ஜெட் அச்சு மழையில் கரையும் என்பதால் லேமினேட் செய்து, சுற்றிலும் அரை அங்குல பிளாஸ்டிக் ஓரம் விட்டு, துளையை அந்த ஓரத்தில் மட்டும் போடுங்கள். தாளையே துளைத்தால் ஜூன் மழையில் தண்ணீர் உள்ளே ஏறிவிடும்.

ரேஷன் கடை, பால் சொசைட்டி, பள்ளி வாசலிலும் ஒவ்வொன்று. வாட்ஸ்அப் படத்தில் ‘இந்தத் தேதி முதல்’ என்று போடாவிட்டால், நேரம் மாறிய பிறகும் பழைய படமே சுற்றிக்கொண்டிருக்கும்.