சிஜேடியா இருக்கலாம்னு டாக்டர் சொன்னா வீட்டாளுக என்ன கேக்கணும், என்ன செய்யணும்

அறுபது வயசு கழிஞ்ச ஒருத்தருக்கு ரெண்டு மூணு மாசத்துக்குள்ள மறதி கூடிக்கிட்டே போகுது, நடை தள்ளாடுது, சத்தம் கேட்டா உடம்பு தூக்கிப்போடுது, எம்ஆர்ஐ பாத்த டாக்டர் "சிஜேடியா இருக்கலாம், மருந்து கிடையாது"ன்னு சொல்லுதாரு. குமரி மாவட்டத்துல இப்படி ஒரு வார்த்தைய கேட்டுட்டு என்ன செய்யதுன்னு தெரியாம நிக்க வீட்டாளுகளுக்குத்தான் இத எழுதுறேன். சிஜேடின்னா க்ரூட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் நோய், மூளைய வேகமா அழிக்கக்கூடியது. ஒரு வருஷத்துல பத்து லட்சம் பேர்ல ஒண்ணு ரெண்டு பேருக்கு வரக்கூடிய நோய், அதனால பக்கத்துல விவரம் கேக்க ஆள் கிடைக்காது.

முதல்ல எதிர்ப்பு சக்தி இதுல என்ன பண்ணுதுன்னு புரிஞ்சுக்கிடுங்க, அது புரிஞ்சா மத்ததெல்லாம் தானா தெளியும். இந்த நோய்க்கு காரணம் பிரியான், அது வைரஸும் இல்ல பாக்டீரியாவும் இல்ல, நம்ம மூளை செல்லுக்க மேலேயே இருக்கப்பட்ட ஒரு புரதம் தப்பா மடங்கிப்போனது, மடங்கினது பக்கத்துல இருக்க நல்ல புரதத்தையும் தன்ன மாதிரியே மடக்கிவிடும். 1982ல ஸ்டான்லி புருசினர் இதுக்கு பிரியான்னு பேர் வச்சாரு, 1997ல நோபல் பரிசும் கிடைச்சுது. நம்ம எதிர்ப்பு சக்தி வெளியாள பாத்தாதான் சண்டைக்கு கெளம்பும், இது நம்ம சொந்தப் புரதம், அமினோ அமில வரிசை அப்படியே ஒண்ணுதான், மடிப்புதான் வேற, அதனால அது கண்டுக்கிடாது, கிருமிய அடிக்க உண்டாக்குத ஆன்டிபாடியயும் உண்டாக்காது. காய்ச்சல் வராததும், சிஆர்பி, ஈஎஸ்ஆர்னு உடம்புல அழற்சி இருக்கான்னு பாக்க ரத்த டெஸ்டெல்லாம் நார்மலா வரதும், முதுகுத்தண்டு நீர்ல பொதுவா வெள்ளை அணு கூடாததும் இதனாலதான். ரத்த ரிப்போர்ட் நல்லாருக்கே, டாக்டர் என்னமோ தப்பா சொல்லுதாருன்னு நினைச்சு ஒவ்வொரு லேபா ஏறி இறங்காண்டாம்.

இன்னும் கஷ்டமான விஷயம், சில வகையில எதிர்ப்பு சக்தியே இதுக்கு வழிகாட்டி விடுது. 1996ல இங்கிலாந்துல கண்டுபிடிச்ச, பைத்தியம் பிடிச்ச மாட்டு நோய்லருந்து வந்த வேரியன்ட் சிஜேடில, குடல் வழியா உள்ள வந்த பிரியான் அங்க இருக்க நிணநீர் திட்டு, டான்சில், மண்ணீரல்னு எதிர்ப்பு சக்திக்க சொந்த இடங்கள்ல போய் உக்காந்து பெருகும், ஃபாலிக்குலர் டென்ட்ரிட்டிக் செல்னு ஒண்ணு அத பிடிச்சு வச்சுக்கிடும், அங்கருந்து நரம்பு வழியா மூளைக்கு ஏறும். ஆன்டிபாடி உண்டாக்கக்கூடிய பி செல் இல்லாத எலிக்கு மூளைக்கு வெளியில பிரியான் ஊசி போட்டப்போ நோய் வரல, வேலியே பயிரை மேயுததுன்னா இதுதான். நம்ம ஊர்ல பாக்கது பெரும்பாலும் தானா வரக்கூடிய வகை, அது இப்படி வெளியிலருந்து ஏறுகது இல்ல.

அதனால எதிர்ப்பு சக்திய கூட்டுகோம்னு சொல்லி விக்க பொடி, லேகியம், ஊசி எதுக்கும் காசு கொடுக்காண்டாம். நடை தள்ளாடுதுன்னதும் நம்ம பக்கம் வர்ம ஆசான்ட்ட கூட்டிட்டு போறது வழக்கம்தான், எண்ணெய் போட்டு தடவுனா உடம்பு வலிக்கு சுகமா இருக்கும், ஆனா அதுலயே வாரக்கணக்கா போயிரக்கூடாது. ஏன்னா அடுத்து சொல்ல போறதுதான் முக்கியம், இதுல நாள் கடத்தவே கூடாது.

சிஜேடி மாதிரியே இருக்கும் ஆனா சிஜேடி இல்லாத ஒரு நோய் உண்டு, ஆட்டோஇம்யூன் என்செபலைட்டிஸ். இதுல எதிர்ப்பு சக்திதான் வில்லன், அதுவே மூளைய அடிக்கும், அதே மறதி, அதே குழப்பம், அதே இழுப்பு. ஆனா இதுக்கு மருந்து உண்டு. ஸ்டீராய்டு, ஐவிஐஜி (மத்தவங்க ரத்தத்துலருந்து எடுத்த ஆன்டிபாடிய நரம்புல ஏத்துகது), பிளாஸ்மா மாத்துகது, இதெல்லாம் சீக்கிரம் கொடுத்தா நிறைய பேரு தேறி எழும்பி நடக்காங்க. அதனால டாக்டர்ட்ட கூச்சப்படாம கேளுங்க, "ஆட்டோஇம்யூன் பேனல் அனுப்பியாச்சா சார், எல்ஜிஐ1, என்எம்டிஏ எல்லாம் பாத்தாச்சா"ன்னு. இதெல்லாம் மூளைய அடிக்கக்கூடிய ஆன்டிபாடிகள தேடுத டெஸ்ட். ரத்தம், முதுகுத்தண்டு நீர் ரெண்டுலயும் பாக்கணும், சிலது ரத்தத்துல நல்லா தெரியும், சிலது தண்டு நீர்லதான் தெரியும். ஐவிஐஜி ஏத்துகதுக்கு முன்னாடியே சாம்பிள் எடுக்கச் சொல்லுங்க, ஏத்தின பிறகு எடுத்தா ரிசல்ட் குழம்பும். முதுகுல ஊசி போட்டா கால் வெளங்காதுன்னு வீட்ல பெரியவங்க தடுப்பாங்க, நீர் எடுக்க இடத்துல தண்டுவடம் கிடையாது, அதுக்கு கீழதான் குத்துவாங்கன்னு சொல்லி சமாதானப்படுத்துங்க.

நீங்க வீட்ல கவனிச்சதையும் டாக்டர்ட்ட சொல்லணும். ஒரே பக்கத்து முகமும் கையும் சேந்து ஒரு நொடி வெட்டுதா, ஒரு நாளைக்கு பல தடவை வருதா, ரத்தத்துல சோடியம் குறைஞ்சுருக்கா, அப்படின்னா எல்ஜிஐ1 சந்தேகம் வலுக்கும். போன்ல வீடியோ எடுத்து வச்சுக்கிடுங்க, வாயால சொல்லுகதவிட அது நல்லா உதவும். பி12, தைராய்டு பாத்தாச்சான்னும் கேட்டுக்கிடுங்க.

ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ்ல காட்டலாம், பெரிய நரம்பு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தா நம்ம ஆளுகளுக்கு பக்கம் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா. போகும்போது எம்ஆர்ஐ ரிப்போர்ட் பேப்பர் மட்டும் போதாது, படம் இருக்க சிடியையும் எடுத்துட்டு போகணும், சிஜேடிக்க அடையாளம் எம்ஆர்ஐல டிஃப்யூஷன்னு ஒரு வகை படத்துலதான் தெளிவா தெரியும்.

எல்லாம் பாத்து சிஜேடிதான்னு உறுதியாயிட்டா அடுத்து வீடு. தொட்டா ஒட்டாது, இருமுனா ஒட்டாது, ஒரே தட்டுல சாப்பிட்டாலும் ஒட்டாது, தனி ரூம்ல அடைச்சு வைக்காண்டாம், பேரப்பிள்ளைக பக்கத்துல போய் உக்காரட்டும். பீஃப் தின்னதாலதான் வந்துதுன்னு அக்கம்பக்கத்துல சொல்லுவாங்க, இந்தியா மாட்டு பிரியான் நோய்க்கு மிகக் குறைஞ்ச ரிஸ்க் இருக்க நாடுகள் பட்டியல்லதான் இருக்கு, வீட்டாளுக மேல பழி போட விடாதீங்க. ஆனா ரெண்டு விஷயத்துல கண்டிப்பு வேணும். ரத்ததானம், கண்தானம், உறுப்பு தானம் எதுவும் கூடாது, கருவிழி மாத்தினதுல சிஜேடி பரவினது 1974லயே பதிவாயிருக்கு, நல்ல மனசோட கண்தானத்துக்கு எழுதிக் கொடுத்துருந்தாலும் வேண்டாம்னு சொல்லணும். அப்புறம் எந்த ஆபரேஷனா இருந்தாலும், பல்லுக்குன்னாலும், முன்னாடியே சொல்லிருங்க, சாதாரணமா கருவிய சுத்தம் பண்ணுத முறைல பிரியான் போகாது.

நாற்பது அம்பது வயசுலயே வந்தாலோ, சொந்தத்துல இதுக்கு முன்னாடி இப்படி யாரும் போயிருந்தாலோ பரம்பரை வகையா இருக்கலாம், ஜீன் டெஸ்ட் எடுக்கும் முன்னாடி பிள்ளைகளுக்கு கவுன்சலிங் கேளுங்க.

மருந்துக்கு முயற்சி நடக்காம இல்ல. உடம்பு தானா உண்டாக்காத ஆன்டிபாடிய வெளியிலருந்து கொடுத்து பாக்கலாம்னு லண்டன்ல பிஆர்என்100ன்னு ஒண்ண ஆறு நோயாளிகளுக்கு கொடுத்தாங்க, 2022ல ரிசல்ட் வந்துது, பாதுகாப்பா இருந்துது, ஆனா நோய நிறுத்துச்சுன்னு சொல்ல முடியல. அது கடைல கிடைக்க மருந்து இல்ல, வாங்கித் தாறேன்னு யாரும் சொன்னா நம்பாதீங்க.

பெரும்பாலும் சில மாசம்தான் இருப்பாங்க, அந்த மாசங்கள நல்லா பாத்துக்கிடணும். ரூம்ல வெளிச்சமும் சத்தமும் குறைச்சு வைங்க, திடீர்னு தொடாம பேர் சொல்லி கூப்பிட்டுட்டு தொடுங்க, அப்பதான் தூக்கிப்போடுகது குறையும். கஞ்சிய கெட்டியா குழைச்சு, நிமித்தி உக்கார வச்சு, கொஞ்சம் கொஞ்சமா கொடுங்க, புரையேற ஆரம்பிச்சா டாக்டர்ட்ட சொல்லுங்க. ரெண்டு மணிக்கூருக்கு ஒருக்க திருப்பிப் படுக்க வைங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல போய் மக்களைத் தேடி மருத்துவத்துல பேர் பதிஞ்சா வலிநிவாரண கவனிப்புக்கு வீட்டுக்கே வருவாங்க, ஆள் படுக்கைல விழும் முன்னாடியே பதிஞ்சு வைங்க.