பாளையங்கோட்டையில் இருந்தபடி மும்பை சர்வரின் ஹீப்பைப் பார்க்க

சென்னை–நெல்லை ஆம்னி பஸ் டிக்கெட் விற்கும் ஜாவா அப்ளிகேஷன் ஒன்று மும்பை டேட்டா சென்டரில் ஓடுகிறது, பார்த்துக்கொள்ளும் ஆள் பாளையங்கோட்டையில் என்று வைத்துக்கொள்வோம். தீபாவளி நெருக்கடியில் பக்கம் இழுத்தால், லாக் ஃபைல் பாதிக் கதைதான் சொல்லும். மீதியை, ஜாவா அப்ளிகேஷனை ஓட்டும் ஜேவிஎம்மே சொல்லும். ஹீப் (அப்ளிகேஷன் தன் டேட்டாவை வைக்கும் மெமரி) உட்பட உள்ளே நடப்பதை வெளியிலிருந்து பார்க்க உதவும் ஜேஎம்எக்ஸ் வசதி அதற்குள்ளேயே இருக்கிறது, கதவைத்தான் திறக்க வேண்டும். எப்படித் திறக்கிறோம் என்பதில்தான் பாதிப் பேர் வழுக்குகிறார்கள்.

ஸ்டார்ட் கமாண்டில் ‘டி’ ஆப்ஷனாகச் சேர்க்க வேண்டியவை, காம்.சன்.மேனேஜ்மென்ட்.ஜேஎம்எக்ஸ்ரிமோட் என்று தொடங்கும். அதன்பின் புள்ளி வைத்து: போர்ட் 9010, ஆர்எம்ஐ.போர்ட் அதே 9010, ஹோஸ்ட் 127.0.0.1, ஆதென்டிகேட் ட்ரூ, எஸ்எஸ்எல் ஃபால்ஸ். தனியாக இன்னொன்று: ஜாவா.ஆர்எம்ஐ.சர்வர்.ஹோஸ்ட்நேம், மதிப்பு 127.0.0.1. எல்லாமே ‘ஜார்’ ஆப்ஷனுக்கு முன்னால் வர வேண்டும். பின்னால் போட்டால் ஜேவிஎம் அவற்றைக் கண்டுகொள்ளாது, எர்ரரும் வராது. டாம்கேட் என்ற ஜாவா வெப் சர்வரில் ஓடுகிறது என்றால் கேட்டலினா ஆப்ட்ஸ் என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் போடுங்கள். ஜாவா ஆப்ட்ஸில் போட்டால் ஷட்டவுன் கமாண்டும் அதே போர்ட்டைப் பிடிக்கப் பார்த்துத் தோற்கும்.

ஆர்எம்ஐ என்பது ஜேஎம்எக்ஸ் தொலைவிலிருந்து பேசும் வழி. அதன் போர்ட்டை ஏன் தனியாகச் சொல்கிறோம்? 9010 வெறும் வரவேற்பு மேசை. அங்கே போனால் “உண்மையான பேச்சு இந்த முகவரியில், இந்த போர்ட்டில்” என்று ஒரு சீட்டு கிடைக்கும். போர்ட்டை நாம் குறிக்காவிட்டால் ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் ஏதோ ஒரு எண் வரும், ஃபயர்வால் மறிக்கும். ஹோஸ்ட்நேம் தப்பாக இருந்தால் சீட்டில் நாம் எட்டவே முடியாத உள் முகவரி இருக்கும். “முதலில் கனெக்ட் ஆவதுபோல் போய் அப்புறம் தொங்குகிறது” என்ற புகாருக்குப் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் காரணம்.

பாஸ்வேர்ட் ஃபைல், ஆக்சஸ் ஃபைல் இரண்டின் பாதையையும் ஆப்ஷனில் கொடுங்கள். கோடுகளைப் பார்க்க மட்டும் என்றால் ஒரு யூசர் போதும், ஆக்சஸ் ஃபைலில் அவருக்கு ‘ரீட்ஒன்லி’. த்ரெட் விவரம், டெட்லாக் தேடல், ஹீப் டம்ப் ஆகியவற்றுக்கு ‘ரீட்ரைட்’ வேண்டும். பாஸ்வேர்ட் ஃபைல், ஜேவிஎம்மை ஓட்டும் யூசரின் பெயரில், 600 பெர்மிஷனோடு இருக்க வேண்டும். வேறு யாரும் படிக்க முடிந்தால் அப்ளிகேஷனே கிளம்பாது. விற்பனை உச்சத்தில் ரீஸ்டார்ட் செய்து இதில் மாட்டிக்கொள்ள வேண்டாம், முதல் நாளே சோதித்துவிடுங்கள்.

9010-ஐ இணையத்துக்கு ஒருபோதும் திறக்காதீர்கள். பாஸ்வேர்ட் இல்லாத ஜேஎம்எக்ஸ் போர்ட் வழியாக வெளியாள் தன் கோடையே உங்கள் சர்வரில் ஓட்டிவிட முடியும். எஸ்எஸ்ஹெச் டனல், அதாவது சர்வருக்குப் போகும் பாதுகாப்பான ரகசிய வழி, போதும்: உங்கள் கணினியிலிருந்து ‘எல்’ ஆப்ஷனுடன் 9010:127.0.0.1:9010 கொடுத்து சர்வரில் நுழையுங்கள். இரு முனையிலும் அதே எண்தான், ஏனென்றால் சீட்டில் எழுதியிருப்பது 9010. பிறகு, ஜேஎம்எக்ஸ் தகவலைக் கோடுகளாகக் காட்டும் ஜேகான்சோலில் ரிமோட் ப்ராசஸ் என்ற இடத்தில் 127.0.0.1:9010. ஜேகான்சோல், ஜாவா டெவலப்மென்ட் கிட்டான ஜேடிகேயோடு வரும். இதே வேலைக்கான இன்னொரு கருவி விஷுவல்விஎம், ஜேடிகே 9 முதல் தனி டவுன்லோட்.

இனி எதைப் பார்ப்பது? ஹீப் கோடு ரம்பப் பல்லாக ஏறி இறங்கும். மேல் முனையைப் பார்த்துப் பதறாதீர்கள். பாபநாசம் அணை மழைக்காலத்தில் 143 அடியைத் தொடுவதில் வியப்பில்லை, தண்ணீர் திறந்தும் மட்டம் இறங்காவிட்டால்தான் விசாரிக்க வேண்டும். அதுபோல ஓல்ட் ஜெனரேஷனில் (நெடுநேரம் நிலைக்கும் டேட்டா இருக்கும் ஹீப் பகுதி) ஜிசி, அதாவது தேவையற்ற மெமரியை விடுவிக்கும் வேலை, முடிந்ததும் கோடு எங்கே இறங்கி நிற்கிறது என்று குறித்துவையுங்கள். மணிக்கு மணி அந்தக் கீழ் முனை உயர்ந்தால் மெமரி லீக் (தேவையற்ற மெமரி விடுபடாமல் சேர்வது) என்று சந்தேகிக்கலாம். ஹீப் சாதாரணமாக இருந்து பக்கம் மட்டும் இழுத்தால் த்ரெட்களைக் காட்டும் டேபுக்குப் போங்கள், த்ரெட் என்பது அப்ளிகேஷனுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளில் ஒன்று. பல த்ரெட்கள் டேட்டாபேஸ் கனெக்ஷனுக்காக ஒரே இடத்தில் காத்து நின்றால் ஹீப்பைக் கூட்டிப் பயனில்லை, கனெக்ஷன் பூலையும் (தயாராக வைத்திருக்கும் டேட்டாபேஸ் இணைப்புகள்) மெதுவான க்வெரியையும் பாருங்கள். டெட்லாக், அதாவது த்ரெட்கள் ஒன்றுக்கொன்று காத்துச் சிக்கி நிற்பதை, தேட அங்கேயே ஒரு பட்டன் உண்டு.

ஹீப் டம்ப்பை (ஹீப் முழுவதையும் ஃபைலாக நகலெடுப்பது) மட்டும் விற்பனை நேரத்தில் தொடாதீர்கள். எடுத்து முடியும்வரை அப்ளிகேஷன் நின்றுவிடும். ஃபைல் உங்கள் கணினிக்கு வராது, சர்வர் டிஸ்க்கிலேயே விழும், ஏறக்குறைய பயன்பாட்டில் உள்ள ஹீப் அளவுக்கு. 8 ஜிபி ஹீப்புக்கு 2 ஜிபி காலி இடம் போதாது.

ஆப்ஷன் போடாமல் கிளம்பிவிட்ட அப்ளிகேஷன் என்றால் ரீஸ்டார்ட் தேவையில்லை. அதை ஓட்டும் அதே யூசராக நுழைந்து ஜேடிகேயோடு வரும் ஜேசிஎம்டி கமாண்ட் மூலம் மேனேஜ்மென்ட்ஏஜென்ட்.ஸ்டார்ட் கொடுத்து போர்ட்டைத் திறக்கலாம். வேலை முடிந்ததும் மேனேஜ்மென்ட்ஏஜென்ட்.ஸ்டாப்.